வக்கீல் கெடுத்துவிட்டார் என்று அப்பீல் போகலாமா?

கேள்வி: 2 ஏப்ரல் 2025

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியது:

"என் தம்பிக்கு ரீஜனல் கோர்ட்டில் போன வாரம் 15 வருடம் போட்டுவிட்டார்கள். ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த கேஸ். எங்கள் வக்கீல் ஒரு சாட்சியையும் கூப்பிடவில்லை. தம்பியையும் கூண்டில் ஏற்றவில்லை. போலீஸ்காரரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். வக்கீல் சரியில்லை என்பதையே காரணமாகச் சொல்லி அப்பீல் போனால் ஜெயிக்குமா? நீங்கள் கோர்ட் டேப் கேட்டு டைப் அடித்தவர் என்று சொன்னார்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன்."

2 ஏப்ரல், இரவு 9.40

போகலாம். ஜெயிப்பது வேறு விஷயம்.

நான் வக்கீல் இல்லை. டர்பனில் 26 வருடம் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கோர்ட் ஒலிப்பதிவை டைப் அடித்தவன். வக்கீல்கள் பேசியதை அவர்களைவிட அதிக தடவை கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

வக்கீலைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் காலண்டரைப் பாருங்கள். தீர்ப்பு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள், அதே மாஜிஸ்ட்ரேட்டிடம் அப்பீலுக்கு அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். உங்களுக்குத் தண்டனை கொடுத்த அதே ஆளிடம்தான், ஆமாம்.

3 ஏப்ரல், காலை

நேற்று அரைத் தூக்கத்தில் தப்பாக எழுதிவிட்டேன். 14 நாள் என்பது குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து இல்லை, தண்டனை அறிவித்த நாளிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழுவது உண்டு. உங்களுக்குப் போன வாரம்தான் தண்டனை என்றால் இன்னும் சில நாள் இருக்கிறது. சனி ஞாயிறையும் சேர்த்து எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

மாஜிஸ்ட்ரேட் மறுத்தால் 21 நாளுக்குள் ஹைகோர்ட்டுக்குப் பெட்டிஷன். இரண்டு நீதிபதிகள் தங்கள் அறையில் காகிதத்தை மட்டும் படித்து முடிவு செய்வார்கள். அங்கே நின்று அழ முடியாது. நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்குக் காரணம், அந்தக் காரணத்துக்கு ஓர் அஃபிடவிட் என்று வால் நீளும்.

ஆயுள் தண்டனை வாங்கியவர்களுக்கு ரீஜனல் கோர்ட்டிலிருந்து அனுமதி இல்லாமலேயே அப்பீல் உண்டு. 15 வருடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

4 ஏப்ரல்

சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 1996 அரசியல் சாசனம், 35(3). விரும்பிய வக்கீலை வைத்துக்கொள்ளலாம். வசதியில்லாதவருக்கு, வக்கீல் இல்லாவிட்டால் பெரிய அநியாயம் நடந்துவிடும் என்றால், அரசு செலவில் வக்கீல். அந்த வரிகளில் "நல்ல வக்கீல்" என்று போடவில்லை. அதைத் தீர்ப்புகள்தான் வாசித்துச் சொல்லின.

இரண்டு பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 2002 ஹால்கிரின். புளும்ஃபொன்டேய்னில் உள்ள மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை பேருக்கு இருந்தால் போதாது, நிஜமாக இருக்க வேண்டும். ஆனால் வக்கீல் விசாரணையையே அநியாயமாக்கும் அளவுக்கு மோசமா என்பதை அந்தந்த வழக்கின் சங்கதிகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தோற்றபிறகு கட்சிக்காரருக்கு எவ்வளவு மனக்குறை என்பது அதற்கு அளவுகோல் இல்லை. இந்தக் கடைசி வரியை உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது 2008 தண்ட்வா. மத்தாத்தாவில் நடந்த வங்கிக் கொள்ளை. திறமையில்லாத வக்கீல் ஒரு விசாரணையைக் குட்டிச்சுவராக்கிவிட முடியும், வக்கீல் உரிமை என்றால் திறமையான வக்கீலுக்கான உரிமை என்று அதில் பச்சையாக எழுதினார்கள். எழுதிவிட்டு, அப்படிக் குறை சொன்னவரின் வாதத்தை ஏற்கவில்லை. அவர் சொன்ன குறை என்ன தெரியுமா? "நான் சாட்சி சொல்ல நினைத்தேன், வக்கீல் விடவில்லை." உங்கள் தம்பி சொல்வது மாதிரியே.

பழைய வழக்கு ஒன்றும் உண்டு, 1958 மட்டோன்சி. கேஸை வக்கீல் கையில் கொடுத்துவிட்டால் யாரைக் கூண்டில் ஏற்றுவது என்பது அவர் முடிவு, பிடிக்காவிட்டால் வக்கீலை மாற்றிக்கொள் என்றது. அரசியல் சாசனம் வந்தபிறகு அதை அந்த அளவுக்கு இறுக்கிப் பிடிக்க முடியாது. ஆனால் அதன் வாசனை இன்னும் கோர்ட்டில் இருக்கிறது.

4 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

ஒரு வேடிக்கை. 1988-ல் மக்கீசே என்று ஒரு வழக்கு. அட்வகேட் என்று சொல்லிக்கொண்டு வாதாடிய ஆளுக்கு அட்வகேட் ஆகும் தகுதியே இல்லை என்று பின்னால் தெரிந்தது. தண்டனைகள் ரத்து. அவர் நன்றாக வாதாடினாரா, சொதப்பினாரா என்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, போலி வக்கீல் பிரமாதமாக வாதாடினாலும் கேஸ் செல்லாது. அசல் வக்கீல் தூங்கி விழுந்தாலும் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். என் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ போலியைத் தேடிப் பிடித்திருக்கலாம்" என்றான். அப்போது அவன் வெஸ்ட்வில் ஜெயிலில் இருந்தான்.

6 ஏப்ரல், ஞாயிறு

மச்சான் கதையை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். முழுசாகச் சொல்லு என்று மூன்று பேர். சரி.

என் மனைவியின் தம்பி. 2009 புனித வெள்ளி, சாயங்காலம். சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கடையில் இரண்டு பேர் துப்பாக்கி காட்டிப் பணம் பறித்தார்கள். கல்லாவில் இருந்த பெண் இவனை அடையாளம் காட்டினாள். இவன் சொன்னது: "அன்றைக்கு முழுக்க நான் இசிபிங்கோ ரயில் மாரியம்மன் கோயிலில். அம்மாகூடக் கோழி கொண்டுபோனேன்." டர்பன் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புனித வெள்ளி அன்று அந்தக் கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. அத்தனை கூட்டத்தில் சாட்சிக்கா பஞ்சம்?

ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கு 2010-ல் நடந்தது, உலகக் கோப்பை வருடம். தண்டனை சொன்ன அன்று ஜன்னலுக்கு வெளியே வுவுசெலா என்கிற பிளாஸ்டிக் குழலை ஊதிக்கொண்டிருந்தார்கள். 15 வருடம் என்று மாஜிஸ்ட்ரேட் சொன்னது பாதி கேட்கவில்லை. பிறகு டிரான்ஸ்கிரிப்ட் வந்தபோது அந்த இடத்தில் "தெளிவாகக் கேட்கவில்லை" என்று எவரோ டைப் அடித்திருந்தார். (நான் இல்லை. சொந்தக்காரர் கேஸைத் தொட எனக்கு அனுமதி இல்லை.)

எங்களுக்குக் கோபமான கோபம். எனக்குப் பக்கம் எண்ணுவது தொழில் பழக்கம். அந்தப் பெண்ணிடம் பிராசிக்யூட்டர் கேட்ட கேள்விகள் 11 பக்கம். எங்கள் வக்கீல் செய்த குறுக்கு விசாரணை இரண்டரைப் பக்கம். அந்த இரண்டரைப் பக்கத்தில் "கோயில்" என்ற சொல்லே இல்லை.

அது ஏன் பெரிய தப்பு என்றால், எதிர்த்தரப்பு சாட்சி பொய் சொல்கிறார் என்று பின்னால் நீங்கள் வாதாடப் போகிறீர்கள் என்றால், அவர் கூண்டில் நிற்கும்போதே உங்கள் தரப்பை அவர் முன் வைத்து, பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். 1999-ல் ரக்பி சங்க வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் இதை விவரமாக எழுதியது. மண்டேலாவையே ஜனாதிபதியாக இருக்கும்போது கூண்டில் ஏறவைத்த வழக்கு அது. எங்கள் வக்கீலுக்கு அது தெரியாமலா இருக்கும்?

அப்புறம் என் மாமியார். சாட்சி சொல்கிறவர் உள்ளே உட்காரக்கூடாது என்று மூன்று நாள் வராந்தா பெஞ்சில் இருந்தாள். மடியில் ஐஸ்கிரீம் டப்பா, அதில் ரோட்டி. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து புடவையைச் சரி செய்துகொள்வாள். கூப்பிடவே இல்லை. மூன்றாம் நாள் அந்த ரோட்டியை அங்கே இருந்த ஒரு ஜூலு காவலாளிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதெல்லாம் போதாதா என்று நினைத்தோம்.

7 ஏப்ரல்

தண்ட்வா 2008 இல்லை, தீர்ப்பு 2007-லேயே வந்துவிட்டது, சட்டத் தொகுப்பில் அச்சானதுதான் 2008 என்று ஒரு நண்பர் திருத்தியிருக்கிறார். சரிதான். அதே தீர்ப்பு போலீஸ் அடித்து வாங்கிய சாட்சியத்தைத் தள்ளுவதைப் பற்றியும் பேசுகிறது, அதற்காகத்தான் அதை அதிகம் படிக்கிறார்கள் என்றும் சொல்கிறார். அதுவும் சரி.

சென்னையிலிருந்து ஒருவர், "மோசமான வக்கீல் என்றால் உங்கள் ஊர் எங்கள் ஊரிடம் நிற்க முடியாது" என்கிறார். போட்டிக்கு வரவில்லை ஐயா. ஆனால் உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்துதான் வக்கீல் ஆனார். காந்திக்கு பம்பாய் சிறு வழக்கு மன்றத்தில் முதல் கேஸ். குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் அவரே எழுதியதுதான். ஃபீஸைத் திருப்பித் தருகிற வக்கீலை நான் அதற்கப்புறம் கேள்விப்பட்டதில்லை.

1893-ல் டர்பன் வந்தார். அடுத்த வருடம் அவரிடம் ஓடிவந்தவர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழர். முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். காந்தி முதலில் செய்தது என்ன? டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். பிறகுதான் மாஜிஸ்ட்ரேட். பம்பாயில் வாய் வராத அதே ஆள், இங்கே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனார்.

தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டேன்.

9 ஏப்ரல்

பீனிக்ஸ் அக்கா அனுமதி மனுப் போட்டுவிட்டாராம். நல்லது.

"வக்கீல் மேல் பழி போட்டால் அவர் என்ன செய்துவிட முடியும்? கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை அவர் வெளியே சொல்லக்கூடாதே?" என்று கேட்டிருக்கிறார்.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். அந்த ரகசியம் வக்கீலுடையது இல்லை, உங்களுடையது. சாதாரணமாக நீங்கள் விட்டுக்கொடுக்காமல் அவர் வாய் திறக்க முடியாது. ஆனால் "வக்கீல் என் கேஸைக் கெடுத்தார்" என்று நீங்கள் அஃபிடவிட் போட்ட நிமிஷமே, அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லத் தேவையான அளவுக்கு ரகசியத்தை விட்டுக்கொடுத்ததாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். தண்ட்வாவில் இதுவும் இருக்கிறது. பழைய வக்கீலிடம் பதில் அஃபிடவிட் வாங்குவது வழக்கம். அவர் தன் ஃபைலைத் திறப்பார். ஃபைலில் நீங்கள் மறந்துபோன காகிதம் இருக்கும்.

எங்கள் புது வக்கீல் இதை எங்களிடம் சொன்னார். நாங்கள் கேட்டோம். காதில் விழவில்லை. மச்சானின் அஃபிடவிட்டை டைப் அடித்தது நான்தான், காசு மிச்சம் என்று. 14 பத்தி. ஒன்பதாவது பத்தி: "சாட்சி சொல்லலாம், சாட்சிகளைக் கூப்பிடலாம் என்பதை என் வக்கீல் எனக்குச் சொல்லவே இல்லை."

பழைய வக்கீலிடமிருந்து மூன்று பக்கம் பதில் வந்தது. பின்னால் ஒரு காகிதம் இணைத்திருந்தார். மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன். பேரன் வந்துவிட்டான்.

12 ஏப்ரல்

"மீதி எங்கே?"

எழுதுகிறேன் ஐயா. கத்தாதீர்கள்.

18 ஏப்ரல், புனித வெள்ளி

இன்று இசிபிங்கோ போய்விட்டு இப்போதுதான் வந்தேன். மாமியாருக்கு 81 ஆகிறது, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். கோழியை அவள் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம். கூட்டத்தில் எவரோ மிதித்து என் செருப்பின் வார் அறுந்தது. அங்கே நின்றபோது, இதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்று தோன்றியது.

அந்த இணைப்புக் காகிதம் மஞ்சள் நோட்டிலிருந்து கிழித்தது. வக்கீல் கையெழுத்து, ஆறு வரி. சாட்சி சொல்லும் உரிமை எனக்கு விளக்கப்பட்டது. நான் சாட்சி சொல்ல விரும்பவில்லை. என் தாயாரையும் கூப்பிட வேண்டாம். கீழே மச்சானின் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்து ஒன்று.

அது என்னுடையது.

நடந்தது இப்படி. அரசுத் தரப்பு முடிந்ததும் 20 நிமிஷம் இடைவேளை விட்டார்கள். படிக்கட்டுப் பக்கம் நின்று பேசினோம். வக்கீல் காகிதத்தை நீட்டி, "நீங்கள் சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றார். ஃபீஸ் சம்பந்தமான காகிதம் என்று நினைத்து, படிக்காமல் போட்டேன்.

மாமியாரை ஏன் கூப்பிட வேண்டாம் என்றான்? அன்று மூன்று மணிக்கு மச்சான் தன் பக்கியை (சின்ன பிக்கப் வண்டி) எடுத்துக்கொண்டு கோயிலிலிருந்து கிளம்பிவிட்டான். விளக்கு வைத்தபிறகுதான் திரும்பினான். கேட்டால் மாமியார் அதைச் சொல்லிவிடுவாள். கோயில் விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது. கடைக்குப் போகவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். ஆனால் போன இடம் வீட்டில் சொல்லக்கூடிய இடம் இல்லை. அதை வக்கீலிடம் சொல்லியிருந்தான். அவர் தன் பதிலில் ஒரே பத்தியில் அதைப் போட்டுவிட்டார். மச்சான் மனைவி அதைத் தெரிந்துகொண்டது அந்தக் காகிதத்தில்தான்.

இப்போது இரண்டரைப் பக்கக் குறுக்கு விசாரணையைத் திரும்பப் பாருங்கள். "அவர் அன்று முழுக்கக் கோயிலில் இருந்தார்" என்று அந்தப் பெண்ணிடம் வக்கீல் எப்படிக் கேட்பார்? பொய் என்று தெரிந்த சங்கதியைக் கோர்ட் முன் வைப்பது வக்கீலுக்கு ஆகாது. கையாலாகாத்தனம் என்று நான் பக்கம் எண்ணி நிரூபித்தது, அந்த ஆள் பொய் சொல்லாமல் இருந்ததற்கான ஆதாரம்.

19 ஏப்ரல், விடிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒரு வரி சரியில்லை.

படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றேன். முதல் வரியைப் படித்தேன். 26 வருடம் டைப் அடித்தவனுக்கு, கண் முன்னால் நீட்டிய காகிதத்தின் முதல் வரி கண்ணில் படாமல் இருக்குமா? ஃபீஸ் காகிதம் என்பது நான் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டது. ஒன்பதாவது பத்தியை டைப் அடிக்கும்போது விரல் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் அடித்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 20 நிமிஷத்தில் வக்கீல் சொன்னது, "நீங்கள் சாட்சி சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் சாட்சியம் அப்படியே நிற்கும், யோசியுங்கள்." மச்சான் என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன், "பேசாமல் இரு. அவர்கள் கேஸே நொண்டுகிறது. நீ ஏறினால் பிராசிக்யூட்டர் உரித்துவிடுவான்."

எத்தனையோ பேர் கூண்டில் ஏறி உரிபட்டதை நான் டைப் அடித்திருந்தேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. வாய் திறக்காமல் தோற்றவர்களையும் டைப் அடித்தவன்தான். அவர்கள் நினைவுக்கு வரவில்லை. பாதிரியார் ஆலன் பூசாக் வழக்கு வேறு எல்லோருக்கும் தெரிந்தது. அவர் சாட்சி சொல்லவில்லை. மௌனமாக இருக்க உரிமை உண்டு, அதற்காக அந்த மௌனத்துக்கு விளைவே இருக்காது என்று அர்த்தம் இல்லை, பதில் சொல்ல வேண்டிய சாட்சியம் இருக்கும்போது பதில் வராவிட்டால் கோர்ட் அதை வைத்தே முடிவெடுக்கலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லி அப்போதே கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆகியிருந்தது.

டிரான்ஸ்கிரிப்டில் அந்த 20 நிமிஷம் எப்படி இருக்கிறது தெரியுமா? "கோர்ட் ஒத்திவைக்கப்படுகிறது." அடுத்த வரி, "கோர்ட் மீண்டும் கூடுகிறது." இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று இடம்கூட இல்லை.

20 ஏப்ரல்

நிறையப் பேர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.

பெரியவர் ஒருவர் பழைய காலத்தைக் கிளறியிருக்கிறார். நான் 1985-ல் சேர்ந்தபோது பாதிக் கேஸில் வக்கீலே கிடையாது. மாஜிஸ்ட்ரேட், "இந்தச் சாட்சியிடம் கேள்வி உண்டா?" என்பார். மொழிபெயர்ப்பாளர் அதை ஜூலுவில் சொல்வார். கூண்டில் இருக்கிறவர், "அவன் பொய் சொல்கிறான்" என்பார். "அது கேள்வி இல்லை, கேள்வி உண்டா?" என்று திரும்பக் கேட்பார்கள். "இல்லை." இதை எத்தனை நூறு தடவை அடித்திருப்பேன்! 1988-ல் நம் நேட்டாலில் நீதிபதி டிட்காட், கன்யிலே என்ற வழக்கில், ஏழைக்கு வக்கீல் இல்லாமல் நடக்கும் இப்படிப்பட்ட விசாரணையை நியாயம் என்று ஏற்க முடியாத வழக்குகள் உண்டு என்றார். 1992-ல் மேல்கோர்ட் அதை ஏற்க மறுத்தது. அரசியல் சாசனம் வந்துதான் அந்தச் சண்டை முடிந்தது.

லீகல் எய்ட் வக்கீல் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நான் கேட்ட ஒலிப்பதிவுகளில் மிக நல்ல குறுக்கு விசாரணைகள் சில அவர்களுடையவை. மச்சான் கேஸில் நாங்கள் வைத்தது காசு கொடுத்த வக்கீல்.

24 ஏப்ரல்

"கடைசியில் என்னதான் ஆனது?"

வக்கீல் மேல் சொன்ன குறையைப் புது அட்வகேட் கைவிட்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் முன்னால் 40 நிமிஷம். கல்லாப் பெண் அடையாளம் காட்டியதைத்தான் எதிர்த்தார். 1972 ம்தெத்வா வழக்கு, மனிதக் கண் தவறக்கூடியது, வெளிச்சம், தூரம், பார்த்த நேரம் எல்லாம் சோதித்துத்தான் அடையாளத்தை ஏற்க வேண்டும் என்று. ஆனால் இன்னொருவர் பக்கி நம்பரில் பாதியைப் பார்த்திருந்தார். தீர்ப்பு நின்றது.

தண்டனை மட்டும் 15-லிருந்து 12 ஆனது. ஏன் என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. தண்டனைக்கு முன் வக்கீல் மாஜிஸ்ட்ரேட்டிடம் பேசியது மொத்தம் ஒன்பது வரி. மனைவி, இரண்டு பிள்ளைகள், முதல் குற்றம். மச்சான் ஏற்கெனவே 14 மாதம் ரிமாண்டில் கிடந்ததை அவர் சொல்லவே இல்லை. 1997 குறைந்தபட்சத் தண்டனைச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 15 வருடம். தகுந்த காரணம் காட்டினால் குறைக்கலாம். காட்ட வேண்டிய இடத்தில் அந்த ஆள் ஒன்பது வரி பேசிவிட்டு உட்கார்ந்தார். மற்றவற்றோடு சேர்த்து அந்த 14 மாதத்தையும் எடுத்துவைத்துத்தான் புது அட்வகேட் மூன்று வருடத்தைக் குறைக்க வைத்தார்.

ஆக, வக்கீலின் அசல் தப்பு ஒன்று இருக்கத்தான் இருந்தது. டிரான்ஸ்கிரிப்டில், என் கண்ணெதிரே. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போய்க் கோயில் என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வக்கீல் மேல் அப்போது வக்கீல் சங்கத்துக்குப் புகார் எழுதியிருந்தோம். இன்றைக்கு என்றால் 2018 நவம்பரிலிருந்து இருக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சில். எங்கள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். அந்தக் கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன். புகார் போட்டால் தண்டனை குறையும் என்று நினைக்காதீர்கள். புகார் ஒரு கதவு, அப்பீல் இன்னொரு கதவு.

2 மே

புதுச் சாட்சியை அப்பீலில் கொண்டுவரலாமா என்று கேட்டவருக்கு: அபூர்வமாக. 1965 டி யாகர் வழக்கின் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். முன்பே ஏன் கொண்டுவரவில்லை, பார்த்த மாத்திரத்தில் உண்மை போலத் தெரிகிறதா, வழக்குக்கு முக்கியமா. "வக்கீல் கூப்பிடவில்லை" என்பது முதல் கேள்விக்குப் பதில் ஆகலாம். அந்தப் பதிலைச் சொன்னதும் வக்கீல் ஃபைல் திறக்கும். மேலே 9 ஏப்ரலைப் பார்க்கவும்.

7 ஜூன்

பீனிக்ஸ் அக்கா மீண்டும். மாஜிஸ்ட்ரேட் மே 28 அன்று அனுமதி மறுத்துவிட்டார். ஜூன் 18-க்குள் பெட்டிஷன் போக வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வந்துவிட்டது, 212 பக்கம். வக்கீலைப் பற்றிப் பத்துப் பத்தி எழுதி வைத்திருக்கிறாராம். எதிலிருந்து ஆரம்பிக்க என்று கேட்கிறார்.

அக்கா, அந்தப் பத்துப் பத்தியை இப்போதைக்கு டிராயரில் வையுங்கள். கடைசி முப்பது பக்கத்தை முதலில் படியுங்கள். தண்டனைக்கு முன் வக்கீல் என்ன பேசினார், எத்தனை வரி, தம்பி எத்தனை மாதம் உள்ளே இருந்தான் என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முதல் பக்கத்துக்கு வாருங்கள். "கோர்ட் ஒத்திவைக்கப்படுகிறது" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் தம்பியிடம் கேளுங்கள்: இந்த இடைவேளையில் யார் யார் நின்றீர்கள், என்ன பேசினீர்கள், எதிலாவது கையெழுத்துப் போட்டாயா? வக்கீல் பெயரை எழுதுவதற்கு முன்னால் கேளுங்கள். உங்கள் வீட்டு ஆட்கள் யாராவது அங்கே நின்றிருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

என் மாமியார் இன்னும் அந்த வக்கீலைத்தான் திட்டுகிறாள். மூன்று நாள் உட்காரவைத்துவிட்டுக் கூப்பிடவில்லை என்று. போன ஞாயிறும் திட்டினாள். நான் ரோட்டியைப் பிட்டுச் சாம்பாரில் தொட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை ஜெயிலுக்குப் போகும்போது அந்த டிரான்ஸ்கிரிப்டை உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்று முன்கூட்டியே ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். விடமாட்டேன் என்றால் பக்க எண்களை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள்.